இன்ஜின் மிஸ்ஸிங்கை இசியூ எப்படிக் கண்டுபிடிக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டேஷ்போர்டில் செக் இன்ஜின் விளக்கு எரிகிறது. ஸ்கேனரை மாட்டிப் பார்த்தால் பி0303 என்று வருகிறது. அதாவது மூன்றாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர். உடனே தீப்பொறி தரும் பிளக் மாறும், சில இடங்களில் அதற்கு உயர் மின்னழுத்தம் கொடுக்கும் காயிலும் சேர்ந்து மாறும். இரண்டு நாள் கழித்து அதே விளக்கு, அதே எண். பட்டறைகளில் தினமும் நடக்கும் கதை இது. இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூ அந்த எண்ணை எதை வைத்துச் சொல்கிறது என்று தெரிந்தால் பாதிச் செலவு மிச்சமாகும். கீழே உள்ள பதில்கள் பெட்ரோல் கார்களை மனதில் வைத்து எழுதியவை. டீசலுக்கும் பைக்குக்கும் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

மிஸ்ஃபயர் என்றால் சரியாக என்ன?

சிலிண்டருக்குள் போன காற்றும் பெட்ரோலும் எரிய வேண்டிய நேரத்தில் எரியாமல் போவது, அல்லது அரைகுறையாக எரிவது. பட்டறையில் 'மிஸ்ஸிங்', 'மிஸ் அடிக்குது', 'மூணு சிலிண்டர்லதான் ஓடுது' என்றெல்லாம் சொல்வது இதைத்தான். எரியாததற்குத் தீப்பொறி வராதது காரணமாக இருக்கலாம். பெட்ரோல் குறைவாகவோ அளவுக்கு மீறியோ போயிருக்கலாம். வால்வு கசிந்து கம்ப்ரஷன் இல்லாமல் இருக்கலாம். 'நாக்கிங்' என்று சொல்லும் தட்டல் சத்தம் வேறு விஷயம். அங்கே கலவை எரிகிறது, ஆனால் எரியக் கூடாத விதத்தில் எரிகிறது. அதைப் பிடிக்க இன்ஜின் பிளாக்கில் தனி நாக் சென்சார் உண்டு.

சிலிண்டருக்குள் தீயைப் பார்க்கும் சென்சார் ஏதாவது இருக்கிறதா?

சாலையில் ஓடும் பெரும்பாலான கார்களில் கிடையாது. இசியூ நெருப்பைப் பார்ப்பதே இல்லை. அது பார்ப்பது நேரத்தை.

பிஸ்டன்களின் மேல்கீழ் அசைவைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் ஷாஃப்ட்டோடு சேர்ந்து சுற்றும் பற்சக்கரம் ஒன்று இருக்கும். முன்பக்கப் புல்லி அருகிலோ ஃப்ளைவீல் அருகிலோ. பரவலாக இருக்கும் வடிவத்தில் 60 பற்களுக்கான இடம் வகுத்து, அதில் அடுத்தடுத்து 2 பற்களை எடுத்துவிடுவார்கள். மிச்சம் 58 பல். ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் இடையே 6 டிகிரி. ஃபோர்டு கார்களில் 36 இடத்தில் ஒரு பல்லை எடுத்த சக்கரம் அதிகம். பல் இல்லாத அந்த இடைவெளிதான் அடையாளக் குறி. அதைப் பார்த்ததும் சக்கரம் எந்த நிலையில் இருக்கிறது என்று இசியூவுக்குத் தெரிந்துவிடும். எதிரே பொருத்தியிருக்கும் கிராங்க் சென்சார் ஒவ்வொரு பல்லும் கடக்கும்போது ஒரு மின்துடிப்பை அனுப்புகிறது. இசியூ அந்தத் துடிப்புகளுக்கு இடைப்பட்ட நேரத்தைக் கடிகாரம் வைத்து அளந்துகொண்டே இருக்கிறது.

ஒரு சிலிண்டர் எரிந்தால் பிஸ்டன் கீழே தள்ளப்படும், கிராங்க் ஒரு கணம் வேகமாகும். அடுத்த சிலிண்டரின் கம்ப்ரஷனில் வேகம் சற்றுக் குறையும். அது எரிந்ததும் மறுபடி கூடும். இன்ஜின் சீராகச் சுற்றுவதுபோல நமக்குத் தோன்றினாலும் ஒவ்வொரு சுற்றிலும் இந்த ஏற்ற இறக்கம் நடந்துகொண்டேதான் இருக்கிறது. சைக்கிளில் மேடு ஏறும்போது ஒரு மிதியைத் தவறவிட்டால் சக்கரம் தயங்குமே, அதுபோல எரியாத சிலிண்டரின் முறை வரும்போது கிராங்க் தயங்கும். அந்தத் தயக்கம்தான் இசியூவுக்குக் கிடைக்கும் ஒரே சாட்சி.

எந்த சிலிண்டர் என்று எப்படிச் சொல்கிறது?

நாலு சிலிண்டர் இன்ஜினில் கிராங்க் இரண்டு முறை, அதாவது 720 டிகிரி சுற்றுவதற்குள் நாலு சிலிண்டரும் ஒருமுறை எரிந்து முடிக்கும். ஆக 180 டிகிரிக்கு ஒரு எரிப்பு. வழக்கமான வரிசை 1-3-4-2. மூன்று சிலிண்டர் என்றால் 240 டிகிரிக்கு ஒன்று. ஆறு என்றால் 120, எட்டு என்றால் 90.

இதில் ஒரு சிக்கல் உண்டு. நாலு சிலிண்டரில் 1-ம் 4-ம் ஒரே நேரத்தில்தான் மேலே வரும். ஒன்று எரியப் போகும்போது மற்றொன்று புகையை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். கிராங்க் சென்சாரை மட்டும் வைத்து எது எது என்று பிரிக்க முடியாது. கிராங்க்கின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை சுற்றி வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட்டின் சென்சார் இதைத் தீர்த்து வைக்கிறது. அதன்பின் எந்த 180 டிகிரி துண்டு எந்த சிலிண்டருக்குச் சொந்தம் என்பதில் குழப்பமில்லை.

தயக்கம் என்றால் எவ்வளவு? கடிகாரத்தில் தெரியும் அளவுக்கா?

ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்ப்போம். வண்டி நின்றபடி இன்ஜின் மட்டும் ஓடும் ஐடிலிங்கில் 750 ஆர்பிஎம், அதாவது நிமிடத்துக்கு 750 சுற்று. ஒரு சுற்றுக்கு 80 மில்லி விநாடி. 180 டிகிரிக்கு 40 மில்லி விநாடி. நல்ல இன்ஜினில் ஒவ்வொரு சிலிண்டரின் துண்டும் 40.0, 40.1, 39.9 என்று நெருக்கமாக வரும். ஒரு சிலிண்டர் எரியவில்லை என்று வையுங்கள். சிறிய நாலு சிலிண்டர் இன்ஜினில் அந்தத் துண்டு 41.6 மில்லி விநாடிவரை இழுக்கலாம். 1.6 மில்லி விநாடி என்பது இசியூவின் கடிகாரத்துக்கு மிகப் பெரிய இடைவெளி. கையை ஸ்டியரிங்கில் வைத்திருக்கும் நமக்கே உதறல் தெரியும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. அடுத்த சிலிண்டர் ஒழுங்காக எரிந்தாலும் அதற்குக் கைமாறியதே குறைந்த வேகம்தான். அதனால் அதன் துண்டும் நீளமாகவே வரும். எது மிக நீளம் என்று மட்டும் பார்த்தால் குற்றமில்லாத சிலிண்டர் மாட்டிக்கொள்ளும். ஆகவே இசியூ நேரத்தை அப்படியே எடுக்காமல், வேகம் எங்கே விழ ஆரம்பித்தது என்று, ஒரு துண்டுக்கும் அடுத்ததற்கும் உள்ள மாற்றத்தைப் பார்க்கிறது. நீங்கள் ஆக்சிலரேட்டரை மிதித்தாலோ விட்டாலோ வேகம் படிப்படியாக மாறும். அந்த மெதுவான போக்கைக் கழித்துவிட்டு, திடீரென்று விழுந்ததை மட்டும் எடுத்துக்கொள்ளும்.

அப்படியானால் அதிக ஆர்பிஎம்மில் இன்னும் சுலபமாகத் தெரியுமே?

நேர்மாறு. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த இடமும் இதுதான், ஏனென்றால் வேலையின் முழுக் கஷ்டமும் இங்கேதான் இருக்கிறது.

எரியாத ஒரு முறையால் இழக்கும் ஆற்றல் ஒரே அளவு என்று வைத்துக்கொள்வோம். கிராங்க்கும் ஃப்ளைவீலும் வேகமாகச் சுற்றும்போது அவற்றில் தேங்கியிருக்கும் ஆற்றல் மிக அதிகம். அதே இழப்பு அவற்றின் வேகத்தைக் குறைவாகத்தான் பாதிக்கும். துண்டின் நேரமும் சுருங்கிவிடுகிறது. இவை எல்லாம் சேர்ந்து, நேர வித்தியாசம் வேகத்தின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. 750-லிருந்து 6000 ஆர்பிஎம் என்பது 8 மடங்கு. 8-ஐ மூன்றுமுறை பெருக்கினால் 512. ஐடிலிங்கில் 1.6 மில்லி விநாடியாக இருந்த தயக்கம் 6000-ல் சுமார் 3 மைக்ரோ விநாடி ஆகிவிடுகிறது!

இதைச் சரிக்கட்டத்தான் பாஷ் நிறுவனத்தின் முறை, நேர வித்தியாசத்தைத் துண்டு நேரத்தின் மும்மடியால் வகுத்து ஓர் எண்ணை எடுக்கிறது. ஜெர்மன் கார் ஸ்கேனர்களில் 'லாஃப்உன்ரூஹே' என்று வருவது அந்த எண்தான். ஓட்டத்தின் சீரின்மை என்று பொருள். இப்படி வகுத்தால் எந்த வேகத்தில் பார்த்தாலும் எண் ஒப்பிடக்கூடியதாகிவிடும். பிறகு அந்த ஆர்பிஎம்முக்கும் லோடுக்கும் (இன்ஜின் இழுக்கும் பளு) எவ்வளவு சீரின்மை இயல்பு என்று நிறுவனம் சோதித்து எழுதிவைத்த அட்டவணையோடு ஒப்பிடுகிறது. எல்லையைத் தாண்டினால் அந்த சிலிண்டரின் கணக்கில் ஒரு மிஸ்ஃபயர் ஏறும்.

பற்சக்கரமே துல்லியமாக இல்லாவிட்டால்?

எந்தச் சக்கரமும் முழுத் துல்லியமாக இருக்காது. ஒரு பல் 0.05 டிகிரி தள்ளி இருந்தால் 6000 ஆர்பிஎம்மில் சுமார் 1.4 மைக்ரோ விநாடி பிழை வரும். தேடுவதே 3 மைக்ரோ விநாடியை! ஆகவே இசியூ முதலில் தன் சக்கரத்தின் குறையைக் கற்றுக்கொள்ள வேண்டும்.

அதற்கு வசதியான நேரம், ஓடும் வண்டியில் ஆக்சிலரேட்டரை விட்டு, கியரிலேயே உருளும்போது வரும். அப்போது பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்கள் மூடியிருக்கும். எந்த சிலிண்டரும் எரிவதில்லை. அப்படியும் ஒரு துண்டு மட்டும் திரும்பத் திரும்ப நீளமாக வந்தால் அது சக்கரத்தின் குறைதான். அதைக் குறித்துவைத்து, பிறகு எல்லா அளவிலும் கழித்துக்கொள்கிறது. சில கார்களில் இது தானாக நடக்கும். ஜிஎம் போன்ற நிறுவனங்களின் பல மாடல்களில் ஸ்கேனர் வழியாகக் கட்டளை கொடுத்து, ஆர்பிஎம்மை ஏற்றி இறக்கிக் கற்க வைக்க வேண்டும்.

ஃப்ளைவீல், கிராங்க் சென்சார், இசியூ, டைமிங் செயின் மாற்றியபின் இதை விட்டுவிடுபவர்கள் நிறைய. கற்றுக்கொள்ளவில்லை என்று இசியூவே சொல்லும் கோடு, அதாவது கோளாறு எண், பி0315. அந்த நிலையில் சில வண்டிகள் மிஸ்ஃபயரைக் கண்காணிப்பதையே நிறுத்திவைக்கும். சில வண்டிகள் இல்லாத மிஸ்ஸிங்கைக் காட்டும். கிளட்ச் வேலை முடிந்த மறுவாரம் மிஸ்ஃபயர் கோடு வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

குண்டும் குழியுமான ரோட்டில் தப்பாகக் காட்டாதா?

காட்டும் ஆபத்து உண்டு. டயர் குழியில் விழுந்து எழும்போது அந்த அதிர்வு டிரைவ் ஷாஃப்ட், கியர்பாக்ஸ் வழியாகத் திரும்பி வந்து கிராங்க்கின் வேகத்தை ஆட்டும். கிராங்க் சென்சாருக்கு அதுவும் தயக்கம்தான். அதனால் இசியூ, பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் யூனிட்டிடமிருந்து சக்கரங்களின் வேகத்தைக் கேட்டு வாங்குகிறது. நாலு சக்கரமும் தாறுமாறாக ஆடினால் கெட்ட ரோடு என்று முடிவுசெய்து மிஸ்ஃபயர் எண்ணுவதைக் கொஞ்ச நேரம் நிறுத்திவைக்கும். ஏபிஎஸ் இல்லாத வண்டிகளில் பாடியில் தனி அதிர்வு சென்சார் வைத்ததும் உண்டு. எனவே ஏபிஎஸ் விளக்கும் செக் இன்ஜின் விளக்கும் சேர்ந்து எரிந்தால் ஏபிஎஸ் கோளாறை முதலில் சரிசெய்வது நல்லது.

விளக்கு விட்டு விட்டு எரிவதற்கும் நிலையாக எரிவதற்கும் என்ன வித்தியாசம்?

மிக முக்கியமான கேள்வி. விட்டு விட்டு எரிந்தால் காலை ஆக்சிலரேட்டரிலிருந்து எடுங்கள். மெதுவாக ஓரம் கட்டுங்கள். முடிந்தால் அங்கேயே நிறுத்தி வண்டியை ஏற்றிச் செல்ல ஆள் கூப்பிடுங்கள்.

காரணம் இது. எரியாத சிலிண்டரிலிருந்து பச்சைப் பெட்ரோலும் காற்றும் அப்படியே சைலன்சர் பாதைக்குப் போகின்றன. வழியில் இருக்கும், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் ஏற்கெனவே கொதிக்கக் கொதிக்க இருக்கிறது. சிலிண்டரில் எரியாதது அதற்குள் எரியும். உள்ளே தேன்கூடுபோல் இருக்கும் பீங்கானும் அதன்மேல் பூசிய பிளாட்டினம், பலேடியம், ரோடியம் பூச்சும் அந்தச் சூட்டைத் தாங்காது. பூச்சு செயலிழக்கும், மோசமானால் பீங்கானே உருகி அடைத்துக்கொள்ளும். ஒரு காயில் விலையில் முடிய வேண்டிய வேலை கன்வெர்ட்டர் விலைக்குப் போய்விடும். ரோடியம் தங்கத்தைவிட விலை கூடிய உலோகம் என்பதை மறக்க வேண்டாம்.

இந்த இரண்டு வகை எச்சரிக்கை கலிபோர்னியாவின் காற்றுவள வாரியம் கொண்டுவந்த ஓபிடி-2 விதிகளிலிருந்து வந்தது. வண்டி தன் கோளாறைத் தானே கண்காணித்துச் சொல்ல வேண்டும் என்பதுதான் ஓபிடி. 1994 மாடல் ஆண்டில் தொடங்கி, 1996-க்குள் அமெரிக்காவில் விற்கும் எல்லாக் கார்களுக்கும் ஓபிடி-2 கட்டாயமானது. முதலில் குறிப்பிட்ட வேக, லோடு எல்லைக்குள் மட்டும் மிஸ்ஃபயரைக் கண்டால் போதும் என்றிருந்தது. 1997 மாடல் ஆண்டிலிருந்து படிப்படியாக இன்ஜினின் முழு வேக எல்லைக்கும் விரித்தார்கள். அந்த மும்மடிக் கணக்கோடு பொறியாளர்கள் மல்லுக்கட்ட வேண்டி வந்தது அதனால்தான்.

விதிப்படி இசியூ இரண்டு கணக்கு வைத்திருக்கிறது. ஒன்று, 200 சுற்றுக்கு ஒருமுறை பார்ப்பது. நாலு சிலிண்டரில் 200 சுற்று என்றால் 400 எரிப்பு. அதில் தவறியவை கன்வெர்ட்டரைக் கெடுக்கும் அளவை எட்டினால் விளக்கு விநாடிக்கு ஒருமுறை கண்சிமிட்டும். அந்த அளவு நிலையானது அல்ல. ஆர்பிஎம்மும் லோடும் ஏற ஏறச் சிறிய சதவீதமே போதும், ஏனென்றால் ஒவ்வொரு முறையும் வீணாகும் பெட்ரோல் அதிகம். மற்றொன்று, 1000 சுற்றுக்கு ஒருமுறை பார்ப்பது. புகை அளவு விதித்த வரம்பின் ஒன்றரை மடங்கைத் தாண்டச் செய்யும் அளவுக்கு மிஸ்ஃபயர் இருக்கிறதா என்று அது கேட்கிறது. இப்படி இரண்டு ஓட்டங்களில் (ஸ்டார்ட் செய்து ஓட்டி நிறுத்துவது ஒரு ஓட்டம்) வந்தால் விளக்கு நிலையாக எரியும். 1000 சுற்றில் 2000 எரிப்பு. 2 சதவீதம் என்றால் 40 தவறல். ஓட்டுபவருக்கு அது தெரியாமலே போகலாம்.

சில கார்களில் மிஸ்ஃபயர் மோசமானால் அந்த சிலிண்டரின் இன்ஜெக்டரையே இசியூ நிறுத்திவிடும். கன்வெர்ட்டரைக் காப்பாற்ற. அந்த நேரத்தில் இன்ஜெக்டருக்கு சிக்னல் வரவில்லை என்று பார்த்து, இன்ஜெக்டர் ஒயரிங் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

இந்தியாவில் விற்கும் கார்களுக்கும் இது உண்டா?

உண்டு. 2013 ஏப்ரலிலிருந்து கார்களுக்கு ஓபிடி-2 வந்துவிட்டது. 2020 ஏப்ரல் 1-இல் நாடு முழுக்க வந்த பிஎஸ்-6 புகை விதி அதைத் தொடர்ந்து இறுக்கியது. ஸ்டியரிங்குக்குக் கீழே 16 பின் சாக்கெட் இருக்கும்.

கோடுகளை எப்படி வாசிப்பது?

பி0301 முதலாவது சிலிண்டர், பி0302 இரண்டாவது, இப்படியே பி0312 வரை பன்னிரண்டு சிலிண்டருக்கும் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். பி0300 என்றால் ஒன்றுக்கு மேற்பட்ட சிலிண்டர்கள், அல்லது இடம் மாறி மாறி வருகிறது. பி0313 டேங்கில் பெட்ரோல் குறைந்திருந்தபோது வந்த மிஸ்ஃபயர். பம்ப் காற்றை இழுத்திருக்கலாம். பி0316 ஸ்டார்ட் செய்தவுடன் முதல் 1000 சுற்றுக்குள் வந்தது.

பி0300 தனியாக வந்தால் பிளக்கை மட்டும் துரத்தாதீர்கள். எல்லா சிலிண்டருக்கும் பொதுவானது எது என்று யோசியுங்கள்: பெட்ரோல் பிரஷர், இன்டேக் மேனிஃபோல்டில் காற்றுக் கசிவு, புகையில் ஒரு பங்கைத் திரும்ப இன்ஜினுக்குள் அனுப்பும் இஜிஆர் வால்வு திறந்தே நிற்பது, நழுவிய டைமிங் செயின், கலப்பட பெட்ரோல். அப்புறம் கிராங்க் சென்சாரும்தான். லூசாக இருந்தாலோ பல் நசுங்கியிருந்தாலோ இசியூவுக்குக் கிடைப்பதே தப்பான நேரம்.

சொன்ன சிலிண்டரில் கோளாறே இல்லாமல் இருக்க வாய்ப்புண்டா?

உண்டு. ஒரு பெரிய மிஸ்ஃபயருக்குப் பின் கிராங்க் ஷாஃப்ட் முறுகி, எதிர்ப்பக்கமாக உதறும். அந்த உதறலில் எரிப்பு வரிசைப்படி அடுத்து வரும் சிலிண்டரின் துண்டும் கெட்டதாகத் தெரியலாம். அதனால் பி0303-ம் பி0304-ம் சேர்ந்து வந்தால் 1-3-4-2 வரிசையைப் பாருங்கள்: 3-க்கு அடுத்தது 4. எதில் எண்ணிக்கை பல மடங்கு அதிகமோ அதுதான் அசல் குற்றவாளியாக இருக்கும். நடுவே ஸ்பிரிங் வைத்து இரண்டு பாகமாகச் செய்த டூயல் மாஸ் ஃப்ளைவீல் தேய்ந்தாலும் இதே குழப்பத்தைத் தரும்.

இன்னொன்று, சிலிண்டர் எண்ணிக்கையை எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவது? குறுக்காக வைத்த நாலு சிலிண்டர் இன்ஜின்களில் பொதுவாக செயின் அல்லது பெல்ட் பக்கம் இருப்பது 1. வி வடிவ இன்ஜின்களில் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். மேனுவலைப் பார்க்காமல் ஊகிக்க வேண்டாம்.

மிஸ்ஃபயர் இருக்கும்போது ஆக்சிஜன் சென்சார் 'லீன்' என்று காட்டுகிறதே, பெட்ரோல் குறைவாகப் போகிறதா?

அவசியமில்லை. எரியாத சிலிண்டரின் காற்றிலுள்ள ஆக்சிஜன் செலவாகாமல் வெளியே வருகிறது. கூடவே எரியாத பெட்ரோலும் வருகிறது, ஆனால் அந்த சென்சார் ஆக்சிஜனைத்தான் எண்ணும். காற்று மிச்சம் என்று கருதி இசியூ எல்லா சிலிண்டருக்கும் பெட்ரோலைக் கூட்டிவிடும். ஒரு காயில் கெட்டதற்கு நாலு சிலிண்டரும் அதிகம் குடிக்க ஆரம்பிக்கும், மைலேஜ் விழும். முதலில் மிஸ்ஃபயரைத் தீர்த்துவிட்டுப் பிறகு ஃப்யூயல் டிரிம் எண்களை, அதாவது இசியூ பெட்ரோலைக் கூட்டிக் குறைத்த அளவுகளைப் பாருங்கள்.

கிராங்க்கை நம்பாமல், நேரடியாகத் தீயை அறியும் வழி கிடையாதா?

இருக்கிறது, அதுவும் அழகானது. கலவை எரியும்போது வாயு அயனிகளாகப் பிரிந்து மின்சாரத்தைக் கடத்தும். தீப்பொறி முடிந்ததும் பிளக்கின் முனைகளுக்கு ஒரு சிறு மின்னழுத்தத்தைக் கொடுத்துப் பார்த்தால், எரிந்திருந்தால் மின்னோட்டம் பாயும், எரியாவிட்டால் பாயாது. பிளக்கே சென்சாராகிவிடுகிறது. ஸ்வீடனின் சாப் நிறுவனம் தன் டிரையானிக் சிஸ்டத்தில் இதைப் பயன்படுத்தியது. அதனால் கேம் சென்சார் இல்லாமலே எந்த சிலிண்டர் எரிந்தது என்று அதனால் அறிய முடிந்தது. நாக்கிங்கையும் அதே மின்னோட்டத்திலிருந்து பிடித்தது. சில டீசல் கார்களில் குளோ பிளக்குக்குள்ளேயே அழுத்த சென்சாரை வைத்து சிலிண்டருக்குள் நடப்பதை அளப்பதும் உண்டு.

இவை துல்லியமானவைதான். ஆனால் கிராங்க் சென்சார் வண்டியில் ஏற்கெனவே இருக்கிறது. கூடுதல் பாகம் எதுவும் வேண்டாம், மென்பொருள் போதும். அதுவே வென்றதில் வியப்பில்லை.

சிஎன்ஜி போட்டபின் மிஸ்ஃபயர் கோடு வருகிறது. கிட் கெட்டதா?

கிட்டாகவும் இருக்கலாம். ஆனால் சிஎன்ஜி கலவையில் தீப்பொறி தாவ, பெட்ரோலைவிட அதிக வோல்ட்டேஜ் தேவை. பெட்ரோலில் சமாளித்துக்கொண்டிருந்த தேய்ந்த பிளக்கும் சோர்ந்த காயிலும் கேஸில் தோற்றுவிடும். பெட்ரோலுக்கு மாற்றி அதே ரோட்டில் அதே கியரில் ஓட்டிப் பாருங்கள். மிஸ்ஸிங் நின்றால் முதலில் பிளக் இடைவெளியைப் பாருங்கள், கிட்டை அப்புறம் திறக்கலாம்.

டீசலிலும் பைக்கிலும் இதே முறைதானா?

அடிப்படை ஒன்றே. டீசலில் தீப்பொறி இல்லாததால் சந்தேகம் இன்ஜெக்டர் மேலும் கம்ப்ரஷன் மேலும் போகும். ஐடிலிங்கில் எந்த சிலிண்டர் சோம்பலாக இருக்கிறதோ அதற்கு இசியூ கொஞ்சம் டீசலைக் கூட்டிக் கொடுத்துச் சமன்செய்யும். அந்தத் திருத்த எண்களை ஸ்கேனரில் பார்த்தாலே பலவீனமான சிலிண்டர் தெரிந்துவிடும். ஒற்றை சிலிண்டர் பைக்கில் ஒப்பிட வேறு சிலிண்டர் இல்லை. 720 டிகிரிக்கு ஒரு எரிப்புதான். அதன் முந்தைய சுற்றுகளோடுதான் ஒப்பிட முடியும்.

உதறல் தெரிகிறது, ஆனால் கோடு இல்லை. ஏன்?

தவறல் வரம்புக்குக் கீழே இருக்கலாம். முதல் ஓட்டம் என்பதால் விளக்கு எரியாமல், நிலுவைக் கோடாக மட்டும் பதிவாகியிருக்கலாம். ஸ்கேனரில் 'பெண்டிங்' பட்டியலைத் தனியாகத் திறந்து பாருங்கள். டேங்க் காலியாக இருக்கும்போது கண்காணிப்பை நிறுத்திவைக்க விதியே அனுமதிக்கிறது. அல்லது அது மிஸ்ஃபயரே இல்லை: கிழிந்த இன்ஜின் மவுண்டிங்கும் அப்படித்தான் உதறும்.

கோடு வந்தபின் எங்கிருந்து தொடங்குவது?

அழிக்காமல் தொடங்குங்கள். கோடு பதிவான கணத்தின் ஆர்பிஎம், லோடு, கூலன்ட் சூடு, வேகம் எல்லாம் 'ஃப்ரீஸ் ஃப்ரேம்' என்ற பெயரில் சேமிக்கப்பட்டிருக்கும். கோடை அழித்தால் அதுவும் போய்விடும். இசியூவுக்கு ஏன் எரியவில்லை என்று தெரியாது. ஆனால் எப்போது எரியவில்லை என்று அது எழுதிவைத்திருக்கிறது, காரணத்தை அதிலிருந்துதான் நாம் எடுக்க வேண்டும்.

குளிர்ந்த இன்ஜினில், ஐடிலிங்கில் வந்து சூடானதும் நின்றால் கசியும் வால்வையோ, ஹெட் கேஸ்கட் வழியாக இரவில் சிலிண்டருக்குள் இறங்கிய கூலன்ட்டையோ சந்தேகிக்கலாம். மேடு ஏறும்போது, அதிக லோடில் மட்டும் வந்தால் காயில், பிளக். ஐடிலிங்கில் மட்டும் வந்து வேகத்தில் நின்றால் காற்றுக் கசிவு. மழைநாளில் மட்டும் என்றால் பிளக் குழியில் தண்ணீர். வால்வு கவர் சீல் போனால் அங்கேயே ஆயிலும் தேங்கும்.

பிறகு இடமாற்றிப் பாருங்கள். பி0303 என்றால் 3-வது காயிலை 1-க்கும் 1-இன் காயிலை 3-க்கும் மாட்டி, அதே மாதிரி ஓட்டுங்கள். கோடு பி0301 ஆனால் காயில்தான். மாறாமல் 3-லேயே நின்றால் பிளக்கை இடம் மாற்றுங்கள். அப்படியும் 3-ஐ விட்டு நகராவிட்டால் இன்ஜெக்டர், அதன்பின் கம்ப்ரஷன் டெஸ்ட். பைசா செலவில்லாத இந்த வழியை விட்டுவிட்டுப் பாகங்களை வாங்கிக் குவிப்பது எனக்கு ஒப்பாது. ஒவ்வொரு சிலிண்டரின் பிளக் ஒயரையும் ஓடும்போதே கழற்றிப் பார்க்கும் பழைய பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். கழற்றிய நேரம் முழுக்கப் பச்சைப் பெட்ரோல் கன்வெர்ட்டருக்குத்தான் போகிறது. அந்தச் சோதனை தேவைப்பட்டால் இன்ஜெக்டர் கனெக்டரைக் கழற்றுங்கள்.

விலை குறைந்த ப்ளூடூத் ஸ்கேனரே போதும், அதில் இசியூவின் சோதனை முடிவுகளைக் காட்டும் 'மோட் 06' இருந்தால். கேன் (வண்டியின் கணினிகள் தகவல் பரிமாறும் ஒயர் வலை) இணைப்புள்ள கார்களில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இந்த ஓட்டத்தில் எத்தனை தவறல், கடந்த பத்து ஓட்டங்களின் சராசரி எவ்வளவு என்று அங்கே தெரியும். விளக்கு எரியும் முன்பே ஒரு சிலிண்டரின் எண் ஏறிக்கொண்டு வருவதைப் பார்க்கலாம்.

சரிசெய்த பின்னும் விளக்கு அணையவில்லையே?

அழிக்காமல் விட்டால் அடுத்தடுத்து மூன்று நல்ல ஓட்டங்களுக்குப் பின் தானாக அணையும். ஆனால் மிஸ்ஃபயருக்கு ஒரு கூடுதல் நிபந்தனை உண்டு. முன்பு கோளாறு வந்த அதே சூழலில் ஓடியிருக்க வேண்டும்: ஆர்பிஎம் 375-க்குள், லோடு 20 சதவீதத்துக்குள், இன்ஜின் அதேபோல் குளிர்ந்தோ சூடாகவோ. மலைப்பாதையில் 3000 ஆர்பிஎம்மில் வந்த கோளாறை டவுன் பஸ் வேகத்தில் சுற்றிக்கொண்டே தீர்ந்துவிட்டதா என்று கேட்டால் இசியூ பதில் சொல்லாது. ஃப்ரீஸ் ஃப்ரேமில் இருந்த அந்த வேகத்துக்கும் லோடுக்கும் கொண்டுபோய் ஓட்டிப் பாருங்கள்.